முரண் எது, நகைமுரண் எது? திருவரங்கத் தீவின் சில சான்றுகளை முன்வைத்து

1. கேள்வி

ஆங்கிலத்தில் ‘ஐரானிக்கலி’ என்னும் வினையடைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒருவர் தாம் கருதியதற்கு எதிரானதைச் சொல்லி, அதன் வழியே கருதியதை உணர்த்தும்போது, அவர் சொன்ன விதத்தை அது குறிக்கிறது. வாக்கியத்தின் முதலில் நின்று, பின்வரும் செய்தி முழுவதையும் பற்றி எழுதுபவர் வழங்கும் தீர்ப்பாக அமைவது மற்றொரு வேலை. முன்னதில் முரண் பேச்சில் இருக்கிறது; பின்னதில் அது உலக நிகழ்ச்சியில் இருப்பதாக எழுதுபவர் கண்டு அறிவிக்கிறார். இன்றைய செய்தித்தாள் ஆங்கிலத்தில் பின்னதே பெருகிவிட்டது.

தமிழ்த் திறனாய்வாளர்கள் இதன் பெயர்ச்சொல் வடிவத்துக்கு ‘முரண்நகை’, ‘நகைமுரண்’ என்ற இரு சொற்களை ஆக்கிக்கொண்டனர். இதழ்களிலோ வினையடையின் இடத்தை ‘முரணாக’, ‘வேடிக்கை என்னவென்றால்’, ‘விதியின் விளையாட்டாக’ போன்ற தொடர்கள் பகிர்ந்துகொள்கின்றன. இவை யாவும் ஒன்றையே சொல்கின்றனவா, எதிர்பாராத எல்லாவற்றையும் நகைமுரண் என்று அழைக்கலாமா, அழைக்கக் கூடாதெனில் எல்லை எங்கே விழுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவும் அதை அடுத்த திருச்சிராப்பள்ளியும் இதற்கு வேண்டிய சான்றுகளைப் போதிய அளவு தருவதால், ஆய்வு பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே அமைகிறது.

2. ஆங்கில வழக்கும் அதன் மீதான குறையும்

இச்சொல்லின் மூலம் கிரேக்க மொழியில் அறியாமை நடிப்பைக் குறித்தது. எதுவும் தெரியாதவர்போல் கேள்வி கேட்டு, தெரிந்ததாக நினைத்தவரைத் திகைக்கவைத்த சாக்ரடீசின் முறைக்கு இப்பெயர் நிலைத்தது. அதுவரை அது பேச்சின் குணமாகவே இருந்தது. நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் அது விரிந்ததில் 1833இல் கானப் தேர்ல்வால் சோஃபாக்கிளிசின் நாடகங்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஈடிபஸ் கொலைகாரனைத் தேடுகிறான். தேடப்படுபவன் அவனே என்பது அவையோருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 1926இல் வெளிவந்த ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர் இந்த உத்திக்குப் பொதுவான அடிப்படையாக இரட்டை அவையைச் சுட்டினார். ஒரே கூற்றைக் கேட்கும் இரு சாராரில் ஒரு சாரார் மேற்பொருளோடு நின்றுவிடுவர். மறு சாரார் உட்பொருளையும், முன்னவர் அதை அறியாமல் நிற்பதையும் சேர்த்தே அறிவர்.

இந்த இரட்டை அவை இல்லாத இடங்களிலெல்லாம் வினையடை நுழைந்துவிட்டது என்பதே மொழிக் காவலர்களின் குறை. கனடியப் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் 1990களின் நடுப்பகுதிப் பாடல் ஒன்று இந்த விவாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. திருமண நாளில் மழை பெய்வது போன்ற வெறும் துரதிருஷ்டங்களை அப்பாடல் இப்பெயரால் அழைத்ததாகப் பலர் கேலி செய்தனர். கேலியில் நியாயம் இருந்தாலும், மழை பெய்வதற்கும் ஈடிபஸின் தேடலுக்கும் இடையே கோட்டை எங்கே போடுவது என்பதைக் கேலி செய்தவர்களும் தெளிவாக்கவில்லை.

3. தமிழ் இலக்கணம் கண்ட பேச்சுமுரண்

பேச்சில் அமையும் முரணைத் தமிழ் மரபு நன்றாகவே வகைப்படுத்தியிருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரித்து, வெளிப்படையான வசையைச் செம்பொருள் அங்கதம் என்றும், மொழிக்குள் மறைத்து வைத்த வசையைப் பழிகரப்பு என்றும் அழைக்கிறது. தண்டியலங்காரத்தின் முப்பத்தைந்து அணிகளுள் புகழாப் புகழ்ச்சி, மாறுபடு புகழ்நிலை, இலேசம் ஆகிய மூன்றும் இந்த எல்லைக்குள் வருகின்றன. பழிப்பதுபோலப் புகழ்வதும், ஒன்றைப் புகழ்ந்து சொல்லாத மற்றொன்றைப் பழிப்பதும், புகழ்வதுபோலப் பழிப்பதும் இவற்றின் இயல்பு. பிற்காலத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயரே பரவலாகி, பள்ளிப் பாடம் வரை நிலைத்துவிட்டது.

இதற்கு இன்றும் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டியபோது, இங்குள்ள ஆயுதங்கள் பீலி சூடி நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் சொல்கிறார். ஒவ்வொரு சொல்லும் தொண்டைமானுக்குப் புகழ். ஒட்டுமொத்தமோ போர் காணாத அரசன் என்ற இகழ். இதில் ‘இகழ்ந்து சொன்னார்’ என்று காட்டும் அடைமொழி எதுவும் பாட்டுக்குள் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

அணியிலக்கணத்தைவிடச் சொல்லிலக்கணம் சொல்வது இன்னும் சுவையானது. ஆனால் நகைமுரண் பற்றிய கட்டுரைகளில் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொல்காப்பியம் ஓகார இடைச்சொல்லுக்குச் சொல்லும் ஆறு பொருள்களில் எதிர்மறையும் ஒழியிசையும் அடங்கும். வாக்கியத்தில் சொல்லாமல் ஒழிந்த கருத்தை அந்த இடைச்சொல்லே கேட்பவர் மனத்தில் எழுப்பிவிடுவது ஒழியிசை. ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்கும் இப்பொருள் உண்டு. ஒன்றன் சிறப்பைச் சொல்லி அதனோடு ‘மன்’ சேர்த்தால், அச்சிறப்பு இருந்தும் பயன்படவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். நன்னூல் ஒரு படி மேலே சென்று, சினத்தாலும் இழிவாலும் திணையும் பாலும் பிறழ்வதை வழுவமைதியாக ஏற்கிறது. அதாவது, ஒருவரை இகழ எண்ணி எண்ணையோ திணையையோ மாற்றிப் பேசினால் அது பிழையாகாது. திருச்சி வீதிகளில் நேரம் கழித்து வரும் சிறுவனைப் பார்த்து ‘வாங்க சார், இப்பத்தான் விடிஞ்சுதா?’ என்றும், வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பவனை ‘தொரைக்குக் காபி வேணுமாம்’ என்றும் சொல்வோர், மரியாதைப் பன்மையையும் பிறர் கூற்றைக் குறிக்கும் ‘ஆம்’ என்ற ஒட்டையும் கொண்டே இந்த வேலையை முடித்துவிடுகின்றனர். தமிழில் பேச்சுமுரணுக்குத் தனி வினையடை தேவைப்படாமல் போனதற்கு இதுவே காரணம் என்று கொள்வது பொருந்தும். கருவி வேறு இடத்தில், சொல்லின் ஈற்றிலும் விகுதியிலும் இருந்தது.

4. காளமேகமும் இரண்டு அவைகளும்

இந்த மரபின் உச்சமாகக் கருதப்படும் காளமேகப் புலவர் திருவரங்கத் தீவோடு நெருங்கிய தொடர்புடையவர். பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் அவரைப் பற்றி வழங்கும் வரலாறு பெரிதும் கதையே. திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பணிபுரிந்த வரதன் என்பவர், திருவானைக்காக் கோயிலில் ஆடிய மோகனாங்கியின்பால் கொண்ட அன்பால் சைவரானார் என்றும், அங்கு அகிலாண்டேசுவரியின் அருளால் கவி பாடும் ஆற்றல் பெற்றார் என்றும் அது சொல்கிறது. திருவானைக்கா உலா அவர் பெயரால் வழங்குகிறது. வைணவ மடைப்பள்ளியிலிருந்து சைவக் கவி கிளம்பியதை இன்றைய இதழாளர் ஒருவர் தயங்காமல் ‘முரண்’ என்பார். ஆனால் அதில் இருப்பது மாற்றம் மட்டுமே. மாறியவர் தம் மாற்றத்தை அறிந்தே மாறினார், யாரும் ஏமாறவும் இல்லை.

அவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களில் இரண்டு இங்கு முக்கியமானவை. ஒன்றில், கருடன்மேல் திருமால் எழுந்தருளும் விழாவைக் கண்ட புலவர், பெருமாளும் நல்லவர், திருநாளும் நல்லது, இருந்த இடத்தில் சும்மா இராததால் பருந்து தூக்கிக்கொண்டு போகிறதே என்று பரிதாபப்படுகிறார். பருந்தை மட்டும் அறிந்தவன் இதைக் கேட்டுப் பதறுவான். கருடனை அறிந்தவன் சிரிப்பான். ஃபௌலர் சொன்ன இரட்டை அவை நான்கு அடிக்குள் அமைந்துவிட்டது. சிரிப்பவன் பக்தனாக இருந்தால்தான் சிரிப்பு முழுமை பெறும் என்பதால், நிந்தையின் வடிவில் வந்த இது இறுதியில் துதியாகிறது.

மற்றொன்று நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றியது. பொழுது சாயும்போது அரிசி வரும், ஊர் உறங்கும்போது உலையில் விழும், ஓர் அகப்பை அன்னம் இலையில் விழுவதற்குள் வெள்ளி முளைத்துவிடும் என்று பசித்த புலவர் பாடிய வசை அது. சத்திரத்தார் வருந்தி வேண்டிக்கொள்ளவே, பாட்டின் ஒரு சொல்லையும் மாற்றாமல், பஞ்சத்தால் உலகில் அரிசி அற்றுப்போகும் காலத்திலும் இங்கே வரும், ஊரார் பசி அடங்கும், இலையில் இட்ட அன்னத்தின் வெண்மைக்கு வெள்ளி நாணும் என்று அவரே புகழாக விளக்கினார் என்பது கதை. இக்கதை உண்மையோ அல்லவோ, பாட்டை வாசித்தோர் தலைமுறை தலைமுறையாக அதனோடு இந்த இரண்டாம் விளக்கத்தையும் சேர்த்தே கடத்தினர் என்பது நடந்தது. வாசகர் ஒரே சொற்களிலிருந்து இரு பொருளையும் எடுப்பார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ‘இதை நான் எள்ளலாகச் சொல்கிறேன்’ என்ற குறிப்பு பாட்டில் இருந்திருந்தால் இரண்டாவது விளக்கத்துக்கு வழியே இருந்திருக்காது.

திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தொகுப்பிலும் இதே ஒழுங்கின் தொடர்ச்சியைக் காணலாம். கதைசொல்லி நடந்ததை நடந்தபடி சொல்லிச் செல்கிறான். வீதியின் பெரியவர்கள் தம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதற்கும் அவர்கள் இருக்கும் விதத்துக்கும் உள்ள தொலைவை வாசகரே அளந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

5. நிகழ்ச்சிமுரணும் ஊழும்

பேச்சுமுரணுக்கு இத்தனை பெயர் வைத்த மரபு, நிகழ்ச்சியில் அமையும் முரணுக்கு அணியிலக்கணத்தில் பெயர் வைக்கவில்லை. தண்டியலங்காரத்தின் விரோத அணி மாறுபட்ட சொல்லும் பொருளும் கூடி நிற்பதைச் சொல்கிறதே தவிர, எண்ணம் தன்னையே தோற்கடிப்பதைச் சொல்லவில்லை. ஆனால் இலக்கியத்தில் அது நிறைந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் ஆடும் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டி மறுப்பனபோல் அசைகின்றன. இலக்கணம் இதைத் தற்குறிப்பேற்றம் என்று அழைத்து நிறுத்திக்கொள்கிறது. கொடி சொல்வதைக் கோவலன் அறியான், வாசகர் அறிவார் என்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது என்பதை அப்பெயர் சொல்வதில்லை.

பெயர் இல்லாததற்கு ஒரு காரணம், அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொரு சொல் அமர்ந்திருந்தது. ஊழ் என்பது நடந்ததற்குப் பெயர் மட்டுமன்று, விளக்கமும்கூட. வாழ்வு தேடிச் சென்ற ஊரில் சாவு கிடைத்தால், ஊழ்வினை உருத்து வந்தது என்று காப்பியம் காரணம் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினையடையோ முரணைச் சுட்டிவிட்டுக் காரணம் எதையும் சொல்லாமல் விலகிக்கொள்கிறது. ஆகவே ‘ஐரானிக்கலி’ என்ற இடத்தில் ‘விதியின் விளையாட்டாக’ என்று எழுதுபவர், மூலத்தில் இல்லாத ஒரு காரணத்தைத் தம்மை அறியாமல் சேர்த்துவிடுகிறார்.

6. முக்கொம்பில் ஒரு சோதனை

எல்லையை வரைய ஓர் இடத்தின் இரு நிகழ்ச்சிகளை ஒப்பிடுவது உதவும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உள்ள மேலணையின் மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் உடைந்து போயின. அதே ஆண்டு பிப்ரவரி 16 அன்றுதான் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் தர வேண்டிய காவிரி நீரை 177.25 டிஎம்சியாகக் குறைத்துத் தீர்ப்பளித்திருந்தது. பங்கு குறைந்த ஆண்டில் நீர் பெருகி அணையை உடைத்துக் கடலுக்குப் போயிற்று என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது எவருக்கும் எளிது. ஆனால் தீர்ப்புக்கும் மழைக்கும் தொடர்பில்லை. தீர்ப்பு அணையை உடைக்கவும் இல்லை, வெள்ளம் தீர்ப்பைப் பொய்யாக்கவும் இல்லை. இரு செய்திகளின் அருகாமை வருத்தம் தரலாம். அது தற்செயல்.

ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் முன்னால் அதே இடத்தில் நடந்தது வேறு வகை. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து நீரை அதிகம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் காய்ந்தன. இதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் 1836–38 காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அணை வேலை செய்தது. அளவுக்கு மேலேயே செய்தது. காவிரிக்குள் பாய்ந்த நீர் அதன் படுகையை அரித்து ஆழமாக்க, இப்போது காவிரி மிகுதியாக இழுக்கும் என்ற அச்சம் எழுந்து, 1840களில் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்பைக் கட்ட வேண்டியதாயிற்று. இங்கு ஒரு மனிதரின் திட்டமிட்ட செயல், அது தீர்க்க வந்த இடரின் தலைகீழ் வடிவத்தைத் தானே பெற்றெடுத்தது. எதிர்பார்ப்பு இன்னாருடையது என்று சொல்ல முடிகிறது, அதை மறுத்த விளைவு அவர் செயலின் வயிற்றிலிருந்தே வருகிறது. ‘நகைமுரணாக’ என்ற அடைமொழியைத் தாங்கும் வலிமை இதற்கு உண்டு. வேடிக்கையாக, இதைப் பற்றி எழுதுவோர் எவரும் அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பொறியியல் செய்தி என்று கடந்துவிடுகின்றனர்.

7. தளவாய் மண்டபம்

கடினமான சான்று சந்தா சாகிபின் முடிவு. மதுரை நாயக்கர் வழியில் விஜயரங்க சொக்கநாதர் 1732இல் மகன் இன்றி இறக்க, அரசி மீனாட்சி திருச்சிராப்பள்ளியில் ஆட்சியேற்றார். ஆர்க்காட்டுப் படையோடு வந்த சந்தா சாகிபு, அரசிக்குத் துணைநிற்பதாகக் குர்ஆன்மீது ஆணையிட்டார் என்றும், 1736இல் திரும்பி வந்து கோட்டையைத் தனதாக்கி அரசியைச் சிறைவைக்க, அவர் நஞ்சுண்டு இறந்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பட்டுத் துணிக்குள் இருந்தது திருமறையன்று, செங்கல் என்பது அதனோடு வழங்கும் கதை. பின்னர் மராத்தியரிடம் சிறைப்பட்டு மீண்ட சந்தா சாகிபு, 1751இல் பிரெஞ்சுக்காரர் துணையோடு அதே கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே அவரது பகைவர் முகமது அலி இருந்தார். முற்றுகை தோற்க, பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து திருவரங்கம் கோயிலுக்குள் ஒதுங்கியது. 1752 ஜூனில் சந்தா சாகிபு, உயிருக்குத் தீங்கில்லை என்ற உறுதியை நம்பித் தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியிடம் சரணடைந்தார். உறுதி காக்கப்படவில்லை, தலை வெட்டப்பட்டு முகமது அலிக்கு அனுப்பப்பட்டது.

வாக்குத் தவறியவர் வாக்கை நம்பிச் செத்தார் என்ற அளவில் இது உறுதியான செய்தி. ஆனால் செவிவழிச் செய்தி அத்தோடு நிற்கவில்லை. அவர் கொல்லப்பட்டது, முன்பு பொய் ஆணையிட்ட அதே தளவாய் மண்டபத்தில் என்கிறது அது. ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளிலும் இது ஏறிவிட்டது. ஆய்வாளர் இங்கே இரண்டு அடுக்குகளைப் பிரித்தாக வேண்டும். இரண்டு ஆணைகளும் இருந்தன என்பது ஒன்று. இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்தன என்பது மற்றொன்று. இரண்டாவது, முதலாவதின் முரணைக் கண்ட கதைமனம் அதை முழுமையாக்கச் சேர்த்ததாக இருக்கக்கூடும். பொருத்தம் இத்தனை கச்சிதமாக அமைந்திருப்பதே ஐயத்துக்கு இடம் தருகிறது. ‘முரணாக, அதே மண்டபத்தில்’ என்று எழுதும் வரலாற்றாசிரியர், அந்த ஒரு சொல்லால் சான்று தேவைப்படும் பகுதியைச் சான்று போலவே வாசகரிடம் கொடுத்துவிடுகிறார். நிகழ்ச்சிமுரணைச் சுட்டும் அடைமொழியின் பெரிய ஆபத்து, அது அழகுக்காக உண்மையின் சுமையைக் குறைத்துவிடுவது.

சந்தா சாகிபின் உடல் திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கமானது. அவரது பகைவர் முகமது அலியும் 1795இல் சென்னையில் இறந்த பின் அதே தர்கா வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். இதையும் நகைமுரண் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதலாம். இருவருமே மதித்த இறைநேசரின் நிழலை இருவரும் நாடுவதில் எதிர்பார்ப்பு எதுவும் முறியவில்லை.

8. தமிழ்த் தொடர்கள் மறைக்காத ஒன்று

இனி இதழ்நடைக்கு வரலாம். ‘வேடிக்கை என்னவென்றால்’, ‘கூத்து என்னவென்றால்’, ‘கொடுமை என்னவென்றால்’, ‘விந்தை என்னவெனில்’ ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரக்கூடியவை அல்ல. கூத்து என்பவர் ஏளனம் செய்கிறார், கொடுமை என்பவர் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார், விந்தை என்பவர் வியந்து ஒதுங்குகிறார். ஆங்கில வினையடை எழுதுபவரின் நிலையை மறைத்து, தீர்ப்பை மட்டும் காட்டுகிறது. தமிழ்த் தொடர் எதுவாயினும் தான் எந்தப் பக்கம் என்பதை எழுதுபவர் சொல்லிவிட நேர்கிறது. ‘நகைமுரணாக’ என்ற புதிய ஆக்கத்தின் கவர்ச்சி அது ஆங்கிலச் சொல்லைப் போலவே பக்கம் சொல்லாமல் இருப்பதில் உள்ளது. ஆய்வெழுத்துக்கு அது உதவும். செய்திக்கு அவ்வளவு உதவுமா என்பது ஐயமே. சாலை விபத்தில் இறந்த சாலைப் பாதுகாப்பு அலுவலரைப் பற்றிய செய்தியில் ‘நகை’ என்ற எழுத்துகள் வருவதைத் தமிழ்க் காது எளிதில் பொறுப்பதில்லை.

சந்தா சாகிபின் கதையை இப்பகுதியில் சொல்பவர்கள் இவற்றுள் எதையும் தேடுவதில்லை. தெய்வம் நின்று கொல்லும் என்று பழமொழியின் ஒரு பாதியைச் சொல்லி முடிக்கின்றனர். அது ஊழின் இடத்தைத் தெய்வத்துக்குத் தந்து, மண்டபத்தின் பொருத்தத்தையும் தெய்வச் செயலாக்கி, சான்று கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது. கேட்டால், அக்கதை விட்டுவிட்ட ஒருவர் உடனே கண்ணில் படுவார்: மானோஜியும் உறுதிமொழி கொடுத்து மீறியவரே, அவருக்கு என்ன நேர்ந்தது என்று அதைச் சொல்பவர்கள் எவரும் கேட்டதில்லை.